நிரலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

கணினி பற்றி எழுதுகிறேன் என்றதும் பெற்றோர் சிலர் இப்பக்கத்தை மூடிவிட எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். இது உங்கள் பிள்ளையின் பெயரைப் பற்றியது.

சென்ற ஆண்டு குறைநீக்கல் வகுப்புக்கான மாணவர் பட்டியலை நான் எழுதிய சிறு பைத்தன் நிரல் ஒன்றைக் கொண்டு தயாரித்தேன். வகுப்பாசிரியர்கள் தந்த அடைவுநிலைக் கோப்பையும் பள்ளியின் பெயர்ப்பட்டியலையும் ஒப்பிட்டு, வாசிப்பில் அடைவுநிலை 1, 2 பெற்றவர்களைப் பிரித்தெடுக்கும் நிரல் அது. இயக்கினேன், 'முடிந்தது' என்றது. நானும் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு தாயார் வந்தார். "டீச்சர், என் மக இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறா. அந்த வகுப்புல ஏன் அவளைச் சேர்க்கல?" என்றார். அடைவுநிலைக் கோப்பில் அப்பிள்ளை இருந்தாள். என் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அன்று மாலை முழுவதும் தேடிக் கண்டுபிடித்தேன். அவள் பெயரில் 'கோ' என்னும் எழுத்து வருகிறது. ஒருங்குறியில் இதனை இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தனுக்கோ முதலாவதன் நீளம் 2, அடுத்ததன் நீளம் 3. ஆகவே பெயர் பொருந்தவில்லை. பொருந்தாத பெயரைக் கண்டால் நிரல் நின்றிருக்க வேண்டும். ஆனால், பிழை நேர்ந்தால் பேசாமல் கடந்து செல் என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்! அது சொன்னபடி செய்தது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. இதே சிக்கலை அதற்கு ஈராண்டுக்கு முன்பே, நற்சான்றிதழ் அச்சிடும் நிரலில் நான் தீர்த்திருந்தேன். பெயரைச் சீராக்கும் செயற்கூறு அதில் அழகாக இருந்தது. மற்ற நிரல்களில் இல்லை. எண்ணிப் பார்த்தேன்: என் கணினியில் 11 நிரல்கள், எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று வெட்டி ஒட்டியவை. திருத்தம் போய்ச் சேர்ந்தவை இரண்டே.

ஆகவேதான் சொல்கிறேன். பள்ளிப் பணிக்கு நிரல் எழுதும் ஆசிரியர் எவராயினும், பொதுவான செயற்கூறுகளை ஒரே கோப்பில் வைத்து, எல்லா நிரல்களும் அதனையே இறக்கிப் பயன்படுத்துமாறு செய்ய வேண்டும். எனது கோப்புக்குக் 'கருவிப்பெட்டி' என்று பெயர். பெயரை என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றுதல், முன்பின் இடைவெளிகளையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்குதல், 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றை ஒரே முறையில் எழுதுதல், எக்செல் கோப்பின் தலையில் சேர்த்துவிடும் குறியை அகற்றிப் படித்தல் ஆகியவை அதில் உள்ளன. ஓரிடத்தில் திருத்தினால் பதினொன்றும் திருந்தும். (ஒரு வேடிக்கை: நிரலில் நாம் மாறிகளுக்குச் சூட்டும் தமிழ்ப் பெயர்களைப் பைத்தன் 3 தானாகவே சீராக்கிக்கொள்கிறது. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் மாணவர் பெயரை மட்டும் தொடுவதில்லை.)

அடையாள எண்ணைக் கொண்டு ஒப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். இயன்ற இடத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் சக ஆசிரியர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் பெயர் மட்டுமே.

அடுத்தது பதிவேடு. பைத்தனில் 'லாகிங்' என்னும் கூறு 2003-இல் வெளிவந்த 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது; புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தகவல், எச்சரிக்கை, பிழை என்று தரம் பிரித்து, நேரத்தோடு கோப்பில் எழுதிவைக்கும். தொடங்குவோர் இரண்டு இடங்களில் இடறுவர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எச்சரிக்கையும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே காட்டும். தகவல் தரத்தில் எழுதியவை காணாமற்போகும். மற்றொன்று, விண்டோசில் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் படிக்க இயலாதபடி பதிவாகக்கூடும். பதிவை எங்கே எழுதுவது என்பதை முதன்மை நிரல் தீர்மானிக்கட்டும். கருவிப்பெட்டி தன் செய்தியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். இல்லையேல் ஒரே வரி இருமுறை பதிவாகும் தொல்லை வரும்.

"நாம் ஆசிரியர்கள்தானே, இதெல்லாம் நிரலர் வேலை" என்றார் என் தோழியொருவர். நான் உடன்படவில்லை. பயிற்சிக் கழகத்தில் நமக்கு என்ன கற்பித்தார்கள்? வரவுப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அழிக்காதே, வெண்மை பூசாதே. ஒரு கோடிட்டுச் சுருக்கொப்பம் இடு என்றார்கள். என்ன நடந்தது, யார் செய்தது என்பது பின்னர் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த விதி. தாளில் அவ்வளவு கண்டிப்பாக இருந்த நாம், கணினிக்கு வந்ததும் 'முடிந்தது' என்ற ஒற்றைச் சொல்லை நம்பிவிடுகிறோம்.

பதிவேட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. பிள்ளையின் அடையாள எண், வீட்டு முகவரி, பெற்றோர் வருமானம் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. வரிசை எண்ணும் வகுப்பும் போதும். இதனைச் செயற்கூற்றிலேயே கட்டாயமாக்கிவிட்டேன். என் மறதியை நான் அறிவேன்.

பெற்றோர்களே, பட்டியலில் பிள்ளையின் பெயர் விடுபட்டால் 'கணினி அப்படித்தான் கொடுத்தது' என்னும் பதிலை ஏற்காதீர்கள். எப்போது, எதனால் விடுபட்டது என்று கேளுங்கள். அந்தத் தாயார் கேட்டதால்தான் அவள் எட்டாம் வாரத்தில் வகுப்பில் அமர்ந்தாள். அதே பட்டியலைத் திருத்திய நிரலில் மீண்டும் ஓட்டியபோது, பதிவேட்டில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. அவ்விருவரின் பெற்றோரும் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.