வர்ண முட்டைகளும் வம்ச விதியும்

மேல்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் பண்டிகைக்குக் கோழி முட்டைகளை வேகவைத்துச் சாயந்தீட்டிப் பிள்ளைகளுக்கு வழங்குவது நெடுநாள் வழக்கம். சாயமே வேண்டாது நீலமும் பச்சையுமாக முட்டையிடும் கோழிகளும் உலகில் உள. அமெரிக்காவில் அத்தகைய கலப்புக் கோழிகளை 'ஈஸ்டர் எக்கர்' என்றே அழைக்கின்றனர். கொல்லைப்புறத்தில் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வைத்து, இனத்தோடு இனம் கலந்து, கூடை நிறையப் பல வர்ண முட்டைகளைக் காணும் ஆசை அங்கே பலருக்குண்டு. இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "உடைத்தெறியும் ஓட்டுக்கு நிறம் எதற்கு?" என்று நகைத்தார். அவர் நகைப்பு முழுதும் தவறன்று, முழுதும் சரியுமன்று. இவ்விளையாட்டில் மாணவர் கைக்கொள்ளத்தக்கது ஒன்றும், யாவரும் கைவிடத்தக்கது ஒன்றும் உண்டென்பது என் அபிப்பிராயம்.

நிறம் வரும் வகையை முதற்கண் அறிதல் வேண்டும். கோழியின் வயிற்றில் ஒரு முட்டை முழுமைபெற்று வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டும் பையிலேயே கழிகிறது. ஓடு சுண்ணாம்புச் சத்தாலானது. ஆகவே இயல்பில் வெண்மையானது. தவிட்டு நிற முட்டையில், புரோட்டோபார்பிரின் என்னும் சாயம் கடைசிச் சில மணி நேரத்தில் பெரும்பாலும் மேற்பூச்சாகப் படிகின்றது. அம்முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தை நோக்கினால் வெண்மையே தோன்றும். நீல முட்டையின் செய்தி வேறு. பித்தநீரில் உள்ள பிலிவெர்டின் என்னும் சாயம், ஓடு வளரும்பொழுதே அதனோடு கலந்து உள்ளும் புறமும் ஊறிவிடுகிறது. நீல ஓட்டின்மேல் தவிட்டுப் பூச்சு ஏறினாற் பச்சை. பூச்சு அழுத்தமாயின் ஆலிவ் காயின் நிறம். இத்தனை வர்ணங்களும் இரண்டே சாயங்களின் செயல் என்பதை எண்ணுந்தோறும் வியப்பாக இருக்கிறது.

நீல முட்டைக் கோழிகளைத் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 1914-இல் கண்ட ஸ்பானிய ஆசிரியர் சால்வடோர் காஸ்டெல்லோ, 1921-இல் ஹேக் நகரிற் கூடிய முதல் உலகக் கோழி மாநாட்டில் அவற்றைப்பற்றி எடுத்துரைத்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெட், சிலியிலிருந்து வந்த கோழிகளைக்கொண்டு ஆராய்ந்து, நீல ஓடு ஒரே மரபணுவின் வழிவருவது, வெள்ளையை அடக்கும் ஓங்கு தன்மையது என்று 1933-இல் நிறுவினார். நம் வகுப்புக் கரும்பலகையில் வரையும் கட்டம் இப்புன்னெட்டின் பெயரால் வழங்குவதே. அந்த மரபணுவின் மூலம் 2013-இல் வெளிப்பட்டது. பண்டொரு காலத்தில் கோழியின் உயிரணுவிற் புகுந்து தங்கிவிட்ட வைரஸ் துண்டொன்று, அருகிலிருந்த மரபணுவை ஓடு கட்டும் பையில் வேலைசெய்யத் தூண்டிவிட்டதே நீலத்திற்குக் காரணமாம். சீன தேசத்து நீல முட்டைக் கோழிகளிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. ஆனால் அது வேறொரு தனி நிகழ்ச்சி.

இனிக் கலப்பின் முறையைக் காண்போம். தூய நீல வம்சத்துச் சேவலை வெள்ளை லெகார்ன் பேடைகளோடு சேர்த்தால், பிறக்கும் பேடைகள் யாவும் நீல முட்டையே இடும். நிறம் சற்று வெளுத்திருத்தல் கூடும். அவற்றைத் தம்முட் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நான்கில் மூன்று நீலம், ஒன்று வெள்ளை. தவிட்டு நிறமோ இவ்விதிக்கு இவ்வளவு எளிதில் உட்படுவதன்று. அது பல மரபணுக்களின் கூட்டு வேலையாதலால், ஆழ்ந்த நிறமுள்ள பிரான்சு தேசத்து மாரான் இனத்தை வெள்ளையினத்தோடு கலந்தால் இடைப்பட்ட நிறங்களே வரும். அதே மாரானை நீல இனத்தோடு கலந்தால் ஆலிவ் நிறம் பிறக்கும். அந்த ஆலிவ் நிறத்தாரைத் தம்முட் சேர்த்தால், நீலம், பச்சை, ஆலிவ், தவிடு என்று ஒரே கூட்டில் எத்தனையோ சாயல்கள் தோன்றும்.

ஈண்டு ஓர் இடர் உண்டு. சேவல் முட்டையிடுவதில்லை, ஆயினும் மகளின் முட்டை நிறத்திற் பாதி அதன் கொடை. அது நீலத்தைச் சுமக்கின்றதா என்பதை எங்ஙனம் அறிவது? புரூக்னர், ஹட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1939-இல் இதற்கு ஒரு குறி காட்டினர். நீல முட்டை மரபணுவும் பட்டாணிக் கொண்டையின் மரபணுவும் அருகருகே அமைந்திருப்பதால், இரண்டும் சேர்ந்துள்ள வம்சத்தில் பெரும்பாலும் சேர்ந்தே இறங்குகின்றன. அங்கே கொண்டையைப் பார்த்துச் சேவலைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நம் நாட்டு அசில் சேவலுக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு. அதன் வம்சத்தில் நீலம் இல்லை. அண்டை வீட்டாரைக் கண்டு இவ்வீட்டாரை மதிப்பிடுவதில் உள்ள ஆபத்து கோழிக்கும் பொருந்தும்போலும்!

இதுவரை கூறியது மெச்சத்தக்க பகுதி. விலக்கத்தக்கதும் அச்சிலிக் கோழியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அரௌகானா என்று இன்று அமெரிக்கர் போற்றும் இனத்திற்கு நீல முட்டை மட்டும் போதவில்லை. காதருகே இறகுக் குஞ்சமும் வேண்டும், வாலும் இருத்தல் ஆகாது என்று இலக்கணம் வகுத்தனர். காதுக் குஞ்சத்திற்கும் முட்டை நிறத்திற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. குஞ்சத்தின் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கரு, ஓட்டுக்குள்ளேயே மடிகிறது. குஞ்சமுள்ள இரண்டைச் சேர்த்து அடைவைத்தால், கருக்கொண்ட முட்டைகளில் நான்கில் ஒரு பங்கு இவ்வாறு அழியும். அதுவும் தொடக்கத்திலன்று, உறுப்பெல்லாம் அமைந்து, பொரிப்பதற்குச் சில நாட்களே இருக்கும்பொழுது பெரும்பாலும் நேர்கிறது. தற்செயலாக நேரும் சாவு வேறு. கணக்கறிந்து, அலங்காரத்தின்பொருட்டு, தலைமுறைதோறும் வரவழைக்கும் சாவு வேறு. பின்னதை நான் வித்தையென்று ஒப்பேன். தவிர்க்க முடியாததெனின் வாதிக்க இடமுண்டு. அமெரிக்கக் கோழிச் சங்கம் 1984-இல் ஏற்றுக்கொண்ட அமெரௌகானா இனத்திற்கு வாலும் உண்டு, நீல முட்டையும் உண்டு, அக்குஞ்சம் இல்லை. ஆகவே நிறம் வேண்டுவோர் இந்தச் சாவை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சந்தைப் பொய்யைப்பற்றியும் ஒரு வார்த்தை. தவிட்டு நிற முட்டையில் சத்து மிகுதியென்று நம் ஜனங்கள் நம்புகின்றனர். சத்து கோழி உண்ணும் தீனியைப் பொறுத்தது. ஓட்டின் நிறமோ வம்சத்தைப் பொறுத்தது. இது தெரியாமையால், பண்ணைக் கலப்பினத்தின் தவிட்டு முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலைக்கு வாங்கி ஏமாறுவோர் பலர். ஓட்டின் நிறத்தைப்பற்றிய அறிவு பயனற்றதென்று நகைத்த நண்பர் இதனைக் கவனிப்பாராக.

நிற்க, நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள் சிறிதே. மெண்டலின் விதியை மாணவர் காகிதக் கட்டத்தில் நிரப்பித் தேர்வில் வெற்றி பெறுகின்றனர். உயிருள்ள பிராணியில் ஒருமுறையேனும் கண்டவர் எத்தனை பேர்? நீல முட்டைக் கோழி இங்கே எளிதிற் கிடைப்பதன்று. அதனால் குறையொன்றுமில்லை. ஓர் அசில் சேவலும் நான்கு வெள்ளை லெகார்ன் பேடைகளும் தொடங்கப் போதும். பேட்சன் 1902-இல் மெண்டல் விதி விலங்குகளுக்கும் உரியதென்று காட்டியது கோழிக் கொண்டைகளைக்கொண்டே அன்றோ? முதல் தலைமுறையில் பட்டாணிக் கொண்டையும், அடுத்ததில் மூன்றுக்கு ஒன்றாக ஒற்றைக் கொண்டையும் காணலாம். பேடைகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கியதும் ஓட்டின் நிறத்தையும் குறித்துக்கொள்ளலாம். பொரிக்க 21 நாள், முட்டையிட ஐந்தாறு மாதம். ஆகவே மூன்றாண்டுப் படிப்புக்குள் இரண்டு மூன்று தலைமுறைகளை நன்கு கணக்கெடுக்கலாம்.

லெகார்ன் அடைகிடப்பது அரிது. ஆதலின் அடைக்கு இரண்டு நாட்டுக் கோழிகள் வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளிற் பாதி சேவலாகவே இருக்கும். அவற்றை என்செய்வது என்பதை அடைவைக்குமுன்பே தீர்மானித்துவிடுதல் நலம். விடுதிச் சமையற்கூடத்துக்கு அனுப்புவதாயின், அதை மாணவரிடம் மறைத்தல் வேண்டா. கோடை விடுமுறையில் தீனியும் தண்ணீரும் வைப்பவர் யார் என்ற கேள்விக்கு இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஊருக்குச் செல்லாத விடுதி மாணவர் இருவர் முன்வந்தால், கூட்டுக்கு வேண்டிய மரமும் கம்பிவலையும் வாங்கித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.