பொத்தான் காணவில்லை, பழி யார்மேல்?

புத்தளம் கரையோரச் செய்தியாளரின் மின்னஞ்சற் பெட்டியில் 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையமும், அருவக்காலு குப்பைத் திட்டமும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் துயரும் ஒரே வரிசையில் வந்து குவியும். அவற்றை நிறமும் பெயரும் இட்டுப் பிரிப்பது அலங்காரமன்று. நாளைய செய்திக்கான ஆவணக் காப்பு.

எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்கு இவ்வசதியைத் தரும் மைக்ரோசொப்ட் அவுட்லுக், ஐமேப் கணக்குகளுக்கு அதை மறுக்கிறது. நிறுவனத்தின் உதவிக் குறிப்பே இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் திரையில் ஒரு சொல் விளக்கமும் இல்லை. பொத்தான் மட்டும் இல்லை. மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. கணக்கு அமைப்பைத் திறந்து, கணக்கின் வகை ஐமேப்பா என்று பாருங்கள். ஐமேப் எனில் காரணம் அதுவே.

ஐமேப் நெறிமுறைக்கு அந்த ஆற்றல் இல்லை என்ற சமாதானம் செல்லாது. 2003இல் வெளியான அதன் வரையறையிலேயே மடல்களுக்குக் குறிச்சொல் இட வழியுண்டு. சேவையகம் இடமளித்தால், தண்டர்பேர்ட் தன் குறிச்சொற்களை அங்கேயே பதிகிறது. இலவச மென்பொருள் செய்வதைப் பணம் பெறும் நிறுவனம் செய்யாதிருப்பது இயலாமையன்று, அக்கறையின்மை.

பயனர் உழைத்து வகுத்த வகைப்பாடு பயனருக்கே உரியது. அதை ஒரு நிறுவனத்தின் பொத்தானை நம்பி ஒப்படைக்காதீர்கள். முக்கிய மடல்களைச் சேவையகத்துக் கோப்புறைகளில் பிரித்து வையுங்கள். மென்பொருள் மாறினாலும் அவை அப்படியே இருக்கும்.