பயணச் சான்றுக்கு முதலில் சட்டம் வேண்டும்

பன்னாட்டு சுகாதார விதிகளுக்கு 2024 ஜூனில் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பயணிகளின் சுகாதார ஆவணங்கள் காகிதத்திலும் இருக்கலாம், டிஜிட்டல் வடிவிலும் இருக்கலாம் என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. கோவிட் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் உருவாக்கிய சான்றிதழ் முறையை உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆகவே, அடுத்த பெருந்தொற்று வரும்போது விமான நிலைய வாசலில் மறுபடியும் கியூஆர் குறியீட்டை நீட்டச் சொல்வார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். அதை யார் கேட்கலாம், எங்கே கேட்கலாம், எத்தனை நாள் கேட்கலாம், தொற்று ஓய்ந்த பிறகு அந்தத் தகவலை என்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நோய் பரவாமல் இருக்கும் இந்த நாட்களிலேயே அதை எழுதி முடிக்க வேண்டும். பதற்றத்தில் பிறக்கும் உத்தரவுகள் எப்படி இருக்கும் என்பதை நாம் ஒருமுறை பார்த்தாயிற்று.

சுகாதாரச் சான்று கேட்பதே அத்துமீறல் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையோடு விமானம் ஏறுவது பல காலமாக நடந்து வருகிறது. ஒரே நோய், நம்பகமான ஒரே தடுப்பூசி. 2016 முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். கொசு வழியாக நோய் ஊருக்குள் நுழைவதை அது உண்மையாகவே தடுக்கிறது. சான்று எதற்காகக் கேட்கப்படுகிறதோ அந்தக் காரியம் அங்கே நடக்கிறது.

கோவிட் சான்றிதழில் அந்த நியாயம் நாளுக்கு நாள் தேய்ந்தது. 2022 ஜனவரி 10 முதல் சென்னை புறநகர் ரயிலில் ஏற இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்றது ரயில்வே. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியற்காலையில் ரயில் பிடிக்கிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் சான்றிதழை அச்சிட்டு, லேமினேட் செய்து, சீசன் டிக்கெட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதே ஜனவரியில் ஒமைக்ரான் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது. இரண்டு தவணை போட்டவர்களுக்கும் தொற்றியது; அவர்களிடமிருந்து பிறருக்கும் பரவியது. தடுப்பூசி உயிரைக் காத்தது. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால், ஊசி போட்டவர் அருகில் உட்கார்ந்தால் தொற்றாது என்ற உத்தரவாதத்தை அந்த லேமினேட் அட்டை தரவில்லை. பெட்டியில் ஏற முடியாமல் நின்ற கூலித் தொழிலாளி அன்றைய சம்பளத்தை இழந்ததுதான் மிச்சம்.

தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் தடுப்பூசிக் கட்டுப்பாடுகளை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று இதைத்தான் சொன்னது. யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. போடாதவர்கள்தான் அதிகம் பரப்புகிறார்கள் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் முன்வைக்கவில்லை. எனவே, அவர்கள்மீது மட்டும் விதித்த கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது தீர்ப்பு. பொதுச் சுகாதாரத்துக்காகத் தேவைப்படும்போது நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அந்த நியாயத்தின் அளவுகோலைச் சட்டமாக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தைச் சேர்ந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.

எல்லை தாண்டும் பயணத்தில் நம்மவர்கள் பட்ட பாடு வேறு மாதிரியானது. 2021 ஜூலை 1 அன்று ஐரோப்பிய டிஜிட்டல் சான்றிதழ் தொடங்கியபோது அதன் பொது அங்கீகாரப் பட்டியலில் கோவிஷீல்டு இல்லை. அதே ஆஸ்ட்ராஜெனெகா மருந்து ஐரோப்பியப் பெயரில் இருந்தால் செல்லும், புனேயில் அடைத்திருந்தால் நாட்டுக்கு நாடு கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிலை. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. புனேயிலிருந்து 50 லட்சம் டோஸ் வாங்கித் தன் மக்களுக்கே போட்ட நாடு, செப்டம்பரில் கோவிஷீல்டைப் பட்டியலில் சேர்த்த பிறகும் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் பயணிகளுக்கு இந்தியாவும் 10 நாள் தனிமையை விதித்த பின்னர்தான், 11-ம் தேதி வழி திறந்தது. கோவாக்சின் போட்டவர்கள் நவம்பர் 3 வரை உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார்கள். விடுமுறையில் ஊர் வந்து கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்ட வளைகுடாத் தொழிலாளர்களில் பலருக்கு வேலைக்குத் திரும்ப வழியில்லாமல் போயிற்று.

பெயர்ப் பொருத்தம் என்ற தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு வடிவம் என்று வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மத்திய அரசின் தடுப்பூசித் தளமான கோவின் தந்த சான்றிதழ் பெரும்பாலும் ஆதாரைப் பின்பற்றியது. குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பாஸ்போர்ட் எண்ணை இணைக்கும் வசதி 2021 ஜூனில்தான் வந்தது.

ஐரோப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. அங்கே செயலி வருவதற்கு முன்பு சட்டம் வந்தது. சான்றிதழ் இலவசம், காகிதத்துக்கும் கைபேசிக்கும் ஒரே மதிப்பு, தடுப்பூசி இல்லாவிட்டால் பரிசோதனை முடிவோ, நோயிலிருந்து மீண்டதற்கான சான்றோ போதும். சரிபார்க்கும் இடத்தில் டிஜிட்டல் கையொப்பம் உண்மையானதா என்று மட்டும் பார்த்தார்கள். யார் எங்கே போனார் என்ற பதிவு எந்த மையக் கிடங்குக்கும் போகவில்லை. முதலில் ஓராண்டுக்கு மட்டுமே அனுமதி. நீட்டிக்க ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் மறுபடி போக வேண்டியிருந்தது. 230 கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை வழங்கிய ஏற்பாடு 2023 ஜூன் 30 அன்று காலாவதியானது. அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உள்நாட்டுப் பயன்பாட்டை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. பயணத்துக்காகப் பிறந்த சான்றை, 2021 அக்டோபர் 15 முதல் வேலைக்குப் போகவே கட்டாயமாக்கியது இத்தாலி.

வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சீனாவின் ஹெனான் மாகாணத்தைப் பார்க்கலாம். 2022-ல் அங்குள்ள சில கிராமிய வங்கிகள் வாடிக்கையாளர்களின் பணத்தை முடக்கின. பணத்தைக் கேட்க செங்சோ நகருக்குக் கிளம்பியவர்களின் கைபேசியில் சுகாதாரக் குறியீடு திடீரெனச் சிவப்பானது. சிவப்பு என்றால் பேருந்து கிடையாது, ரயில் கிடையாது, விடுதியில் அறை கிடையாது. அவர்கள் நோயாளிகள் அல்லர், போராட வந்தவர்கள். அப்படிச் சிவப்பாக்கப்பட்டவர்கள் 1,317 பேர் என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. ஐந்து அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சர்வாதிகார நாட்டில்தான் இப்படி நடக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்ற உறுதியோடு சிங்கப்பூர் மக்களிடம் கொண்டுசெல்லப்பட்ட டிரேஸ்டுகெதர் செயலித் தகவலைக் குற்ற விசாரணைக்கும் போலீஸ் எடுக்கலாம் என்பது 2021 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. மக்கள் கொதித்த பிறகுதான், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள்.

நம் வீட்டுக் கதையும் மறக்கக்கூடியதல்ல. 2020-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தமிழகத்தில் இ-பாஸ் கேட்டார்கள். சாவு வீட்டுக்குப் போவதற்கும் இணையத்தில் விண்ணப்பித்து, ஆவணத்தைப் பதிவேற்றி, அனுமதி வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. கைபேசியில் இதைச் செய்யத் தெரியாதவர்கள் தரகர்களிடம் போனார்கள். அந்த இ-பாஸ் உடல்நலச் சான்றே அல்ல, வெறும் அனுமதிச் சீட்டு. செப்டம்பரில் மாநிலத்துக்குள் அது நின்றது. 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதே பெயரில் திரும்பி வந்தது. மலைகளைக் காக்க உயர் நீதிமன்றம் இட்ட அந்த உத்தரவின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஒரு நெருக்கடிக்காகக் கட்டிய கருவி அடுத்த காரியத்துக்குத் தயாராகக் கையிலேயே இருக்கும் என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

சேகரித்த தகவலின் பாதுகாப்பு இன்னொரு கேள்வி. 2023 ஜூனில் கைபேசி எண்ணைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் பெயரையும் ஆதார் அல்லது பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு டெலிகிராம் பாட் கொட்டியது. கோவின் தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்றது மத்திய அரசு. அதே ஆண்டு நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசின் கையிலேயே கொடுத்திருக்கிறது. தொற்றுக் காலத்தில் அரசு சாய்ந்துகொள்ளும் தொற்றுநோய்கள் சட்டம் 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக எழுதப்பட்டது. ரயில் பயணிகளைச் சோதிக்கவும் பிரித்து வைக்கவும் அது அதிகாரம் தருகிறது. சோதிக்கப்படுகிறவரின் உரிமையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

புதிய சட்டம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பரவலைத் தடுக்கும் என்று தரவோடு நிறுவப்பட்டால் மட்டுமே சான்று கேட்க வேண்டும். அந்தத் தரவை மக்கள் முன் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் உத்தரவு நீடிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். காகிதச் சான்று எல்லா இடத்திலும் செல்ல வேண்டும். போலீஸ், வருமான வரித்துறை, காப்பீட்டு நிறுவனம் யாரும் அந்தத் தகவலைத் தொடக்கூடாது. தொட்டால் தண்டனை வேண்டும். அன்றாடப் பிழைப்புக்கான உள்ளூர் ரயிலும் பேருந்தும் சான்று கேட்கும் பட்டியலுக்குள் வரவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட எந்தத் தடுப்பூசியையும் எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்று ஜெனீவாவில் இந்தியா இப்போதே வாதாட வேண்டும்.

மாநிலம் டெல்லிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நாட்டிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென விரிவான சட்டம் இயற்றியது 1939-ல் சென்னை மாகாணம். 2021 நவம்பரில் தடுப்பூசி போடாதவர்களைப் பொது இடங்களில் தடுக்கும் உத்தரவும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் பிறந்தது. முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிப்பதற்காக 2020 செப்டம்பரில் அதை அவசரச் சட்டத்தின் மூலமே திருத்தினார்கள். குடிமகனைக் காக்கும் பிரிவுகளைச் சேர்க்க அவ்வளவு அவசரம்கூட வேண்டாம். அடுத்த சட்டப்பேரவைக் கூட்டத்தொடரில் மசோதாவைக் கொண்டுவந்து, எல்லாக் கட்சிகளையும் பேசவிட்டு நிறைவேற்றினால் போதும்.