முத்திரையில்லாத தராசு

ஆத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போனால், மாவுச்சத்துப் பாயிண்டில் ஒன்று குறைந்தாலும் விடமாட்டார். தராசைச் சோதி, மீட்டரைச் சோதி என்று சண்டைக்கு நிற்பார். நியாயந்தான். ஆனால் அதே குடியானவர் மகளுக்குக் கலியாணம் என்றதும் ஜோசியன் வீட்டுத் திண்ணையில் கைகட்டி உட்கார்ந்து, அவன் செவ்வாய் தோஷம் என்று சொன்ன மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டு வருகிறார். இந்தத் தராசை யார் சோதித்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஏன் கேட்கக்கூடாது?

ஆகாயத்தை உண்மையாகவே அளக்கிறவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். நமது உதகையை அடுத்த முத்தோரையில் 1970-ல் வானொலித் தொலைநோக்கியை அமைத்த கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புனாவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகளை 25 கிலோமீட்டர் தூரத்திற்குப் பரப்பி வைத்தார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பதே இவற்றின் வேலை. 30 தட்டும் ஒரே மாதிரி செய்யப்பட்டவையானாலும், ஒன்று கூட்டிக் காட்டும், ஒன்று குறைத்துக் காட்டும். சூடேறினால் கருவியின் கணக்கும் மாறும். ஆகையால் அங்குள்ளவர்கள் புதிதாக எதை அளப்பதானாலும், பலம் இன்னதென்று ஏற்கனவே தெரிந்த 3சி 286 போன்ற ஒன்றின் பக்கம் தட்டுகளைத் திருப்பி, அந்த அளவு வரும்படி ஒவ்வொரு தட்டின் கணக்கையும் திருத்துகிறார்கள். இடையிடையே மறுபடியும் சரிபார்க்கிறார்கள். ஒத்துவராத தட்டின் கணக்கைத் தள்ளிவிடுகிறார்கள். எடைக்கல்லாக வைத்திருந்த காசியோப்பியா-ஏ என்னும் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் வருஷா வருஷம் மங்கி வருவதைக் கண்டபோது, அந்தத் தேய்மானத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். எடைக்கல்லையே சந்தேகிக்கும் யோக்கியதைக்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

நமது பஞ்சாங்கக்காரர்களின் யோக்கியதை என்ன? 2023-ல் சனிப்பெயர்ச்சி ஜனவரி 17 என்றார் திருக்கணிதக்காரர். டிசம்பர் 20 என்றார் வாக்கியக்காரர். ஒரே சனிக்குப் பதினோரு மாத வித்தியாசம்! இரண்டில் ஒன்றைத் தள்ளினார்களா? இல்லை. இதற்கும் பரிகாரம், அதற்கும் பரிகாரம், இரண்டிற்கும் தட்சணை!

ஜோசியத்தைச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. அதே புனாவைச் சேர்ந்த வானநூல் அறிஞர் ஜயந்த் நார்லிகர், 2008-ல், கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோசியர்களிடம் கொடுத்து, பிரித்துச் சொல்லும்படி கேட்டார். விடையனுப்பிய 27 பேர் சொன்னதில் சரியாயிருந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே நூற்றுக்கு 50 வந்திருக்கும்!

காசுக்கும் கீழான இந்த வித்தையை நம்பியா நம் பெண்களைத் தோஷக்காரிகள் என்று முத்திரை குத்தி, வயது முதிரும்வரை வீட்டில் வைத்துக் கண்ணீர்விடச் செய்வது? குத்த வேண்டிய முத்திரை பெண்ணின் நெற்றியிலல்ல, ஜோசியனுடைய தராசிலே.

ஆத்தூர்த் தோழர்களே! கிழங்குக்குக் கேட்கிற கேள்வியை மகளுக்காகவும் கேளுங்கள். "உன் தராசைச் சோதித்தவர் யார்?" என்று கேளுங்கள். பதில் வராது. வராதபோது, தட்சணைக் காசை மடியில் முடிந்துகொண்டு திரும்பி வந்து, மகளின் சம்மதத்தைக் கேட்டு மணத்தை முடியுங்கள்.