ஆள் நேரத்தைக் கணக்கிடுவோம்

2013 பிப்ரவரியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யாரோ ஒரு தன்னார்வலர் வைத்த புள்ளிக்கு 2,147,483,648 என்ற எண் விழுந்தது. குறியுடைய 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்ச எண்ணைவிட அது ஒன்று அதிகம். பெரிய ஆரவாரம் எதுவும் நடக்கவில்லை. மையத் தரவுத்தளம் 64 பிட் எண்களுக்குத் தயாராக இருந்தது. தரவை இறக்கிப் பயன்படுத்துவோருக்கு, கருவிகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை முன்பே போயிருந்தது. நாளொன்றுக்கு எத்தனை புள்ளிகள் சேருகின்றன என்பதும் தெரியும், வரம்பும் தெரியும். மிச்சம் வெறும் வகுத்தல் கணக்கு.

தன்னார்வலர்கள் நடத்தும், வளரும் இணையச் சமூகத்தின் கணினி அமைப்பில் இப்படி நாள் குறிக்கக்கூடிய வரம்புகள் நிறையவே உண்டு. டிஸ்க் நிரம்பும் நாள், வாரண்டி முடியும் நாள், இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கும் நாள், டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய நாள். இவற்றைத் தொகுத்து, குழுவில் எல்லாரும் பார்க்கும் நாட்காட்டியில் போட அரை நாள் போதும். இருந்தும் பல குழுக்கள் செய்வதில்லை. ‘சம்பளம் இல்லாமல் செய்கிற வேலைதானே, வளரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சமாதானம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நெருக்கடி வந்தால் ஒரு நிறுவனத்தால் இரவோடு இரவாக ஆள் அமர்த்த முடியும். நம்மிடம் இருப்பது, அலுவலகம் விட்டு வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கும் நாலைந்து பேரின் நேரம். அது தீர்ந்துபோனால் கடையில் கிடைக்காது. நீண்டகாலத் திட்டத்தின் முதல் கணக்கு அந்த நேரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ரேம், டிஸ்க் எல்லாம் பிறகு.

2022 நவம்பரில் ட்விட்டரைப் போன்ற மாஸ்டடான் சமூக வலைத்தளத்தின் சர்வர்களில் ஒன்றான ஹாக்கிடெர்முக்கு நேர்ந்ததை நம் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். அதை அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கியவர் கிரிஸ் நோவா; உள்கட்டமைப்புப் பொறியியலில் பெயர் பெற்றவர். ட்விட்டர் கைமாறியதும் அங்கிருந்து விலகிய கூட்டம் இங்கே திரண்டது. ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பினர்கள் ஒரே மாதத்தில் 30,000 ஆனார்கள். சர்வர்கள் இருந்ததோ அவருடைய வீட்டு நிலவறையில்.

பயனர்களுக்குத் தெரிந்தது பக்கம் திறக்கத் தாமதம், பதிவுகள் வந்து சேரத் தாமதம், அவ்வளவுதான். உள்ளே நடந்தது இது: தரவுத்தளமும், எல்லாரும் ஏற்றிய படங்களும் ஆலிஸ் என்று பெயரிட்ட ஒரே சர்வரின் டிஸ்க்குகளை நம்பியிருந்தன. மற்ற சர்வர்கள் படங்களை அங்கிருந்து என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகப் படித்தன. அந்த டிஸ்க்குகள் பழுதுபட்டுத் திணறத் தொடங்கியதும், ஒரு படத்துக்காகக் காத்திருந்த ப்ராசஸ் அடுத்த வேலையை எடுக்காமல் அப்படியே நின்றது. அப்படி நின்றவை கூடக் கூட, கியூ நீண்டுகொண்டே போனது. சிபியூ போதாது, இன்னொரு சர்வர் வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லியிருப்பார். கோளாறு டிஸ்க்கில் இருந்தது. குழு அதைக் கண்டுபிடித்து, படங்களைச் சிறிது சிறிதாக வெளியே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு நகர்த்தி, மொத்த அமைப்பையும் ஜெர்மனியிலுள்ள வாடகை சர்வர்களுக்குக் கொண்டு சேர்த்தது. நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியும் வெளியிட்டது. அந்த அறிக்கைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அதிலிருந்து உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. படங்களையும் கோப்புகளையும் தரவுத்தளம் இருக்கும் டிஸ்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆயிரம் பேர் இருக்கும்போது ஒரு சனிக்கிழமையில் முடியும் இந்த வேலை, 30,000 பேர் வந்த பிறகு பல வாரம் இழுக்கும்.

சுமை பெருகும்போது பராமரிப்பு வேலையும் அதே வேகத்தில் பெருகக் கூடாது. புதிய கருவி ஒன்றைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தால், இரவு இரண்டு மணிக்கு அது படுத்துக்கொண்டால் எழுப்பிவிடத் தெரிந்தவர் குழுவில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். ஒருவர்தான் என்றால் அந்தக் கருவி வேண்டாம் என்பதே என் கருத்து. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2009 ஏப்ரலில் மைஎஸ்க்யூஎல்லை விட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறியது. பதிவான கணக்குகள் ஒரு கோடியைத் தாண்டிய பிறகும், உலகெங்கிலுமிருந்து வரும் திருத்தங்கள் ஒரே முதன்மைத் தரவுத்தளத்தில்தான் எழுதப்படுகின்றன. துணைக்கு நகல் சர்வர்கள். நம்மில் பெரும்பாலோர் நடத்தும் சமூகங்கள் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றுக்கு இப்போதே கிளஸ்டர் கட்டுவது வருங்காலத் தன்னார்வலர்களின் தலையில் சுமை ஏற்றுவதாகும்.

வாசிப்புச் சுமையில் வேறொரு கேள்வி வருகிறது: யாருடைய சுமையை நாம் சுமக்கப் போகிறோம்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத் துண்டுகளை உலகத்துச் செயலிகள் எல்லாம் இழுக்கும். மொத்தமாக இறக்கக் கூடாது, செயலி தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்று விதி எழுதி, மீறுவோரை அவர்கள் தடுக்கிறார்கள். ரசிகர் புனைவுகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்த நாளிலிருந்து, கணக்குத் தொடங்க விரும்புவோரை அழைப்புக்காக வரிசையில் நிறுத்துகிறது. இதைக் கதவடைப்பு என்று குறை சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தாங்கும் வேகத்தில் வளர்வது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்று வழக்கம் வைத்திருப்பதுபோல், சர்வர் மாற்றுவதற்கும் ஒரு கால முறை வேண்டும். ஐந்தாம் ஆண்டில் மாற்றுவது என்றால் முதல் ஆண்டிலிருந்தே ஐந்தில் ஒரு பங்கு பணத்தை ஒதுக்கத் தொடங்க வேண்டும். பழுதான பிறகு நன்கொடை கேட்கும் வழக்கம் ஒருமுறை பலிக்கும், அடுத்தமுறை பலிக்காது. சர்வருக்கு இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கும் இந்த முன்யோசனை பொருந்தும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பல ஆண்டுகள் லண்டன் பல்கலைக்கழகங்களின் தயவில் ஓடியது. பிறகு ஆம்ஸ்டர்டாம், டப்ளின் டேட்டா சென்டர்களுக்கு இடம் மாறியது. இடம் மாறினாலும் நகல் வேண்டும்: 2024 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இணைய இணைப்பு தந்த நிறுவனத்தின் கருவி பழுதானபோது திருத்தங்கள் நின்றன. டப்ளினில் இருந்த நகலால்தான் தளத்தை வாசிக்கவாவது முடிந்தது.

நகல் இருந்தால் மட்டும் போதாது. 2005 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவின் சர்வர்கள் இருந்த மையத்தில் சர்க்யூட் பிரேக்கர்கள் விழுந்து மின்சாரம் போனது. மின்சாரம் சில நிமிடங்களில் திரும்பியது. ஆனால் தரவுத்தளங்கள் சில சிதைந்து கிடந்தன, முதன்மைத் தரவுத்தளமும் அவற்றில் ஒன்று. இன்று விக்கிமீடியா தன் முதன்மை டேட்டா சென்டரையே வேண்டுமென்று மாற்றிப் பார்த்துப் பழகுகிறது. 2016 ஏப்ரலில் முதல்முறை மாற்றியபோது சுமார் முக்கால் மணி நேரம் யாராலும் திருத்த முடியவில்லை. 2018-இல் அது பத்து நிமிடத்துக்குள் வந்தது. 2021-இல் இரண்டு நிமிடம். அவர்களுக்குச் சம்பளப் பணியாளர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கும் பயிற்சியை ஆண்டுக்கு இரண்டு முறை செய்ய நம்மாலும் முடியும். அதைப் புதிதாகச் சேர்ந்தவர் கையால், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வைக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பில் ஓட்டை.

சம்பளம் என்ற சொல் நம் வட்டாரத்தில் சங்கடத்தைக் கிளப்பும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை தன் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள 2022-இல்தான் சம்பளத்துக்கு ஒரு பொறியாளரை அமர்த்தியது, வரைபடம் தொடங்கி பதினெட்டு ஆண்டுகள் கழித்து. அதனால் தன்னார்வம் குறைந்துவிடவில்லை. அன்றாட எச்சரிக்கை மணிகளுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருப்பதால் மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த வேலையைச் செய்ய முடிகிறது. முழு நேர ஆளுக்கு வசதியில்லாத சமூகம் மாதம் சில மணி நேரத்துக்காவது பணம் ஒதுக்குவது குற்றமல்ல.

2023 ஆகஸ்டில் கிரிஸ் நோவா மலையேற்ற விபத்தில் இறந்தார். ஹாக்கிடெர்ம் நிற்கவில்லை. நிவென்லி என்ற அறக்கட்டளையும், பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்ட குழுவும் ஏற்கெனவே இருந்தன. உங்கள் சமூகத்தின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ரூட் பாஸ்வேர்டும் பேக்கப்பைத் திறக்கும் சாவியும் யாரிடம் இருக்கின்றன, சர்வர் வாடகை யாருடைய கார்டிலிருந்து போகிறது என்று இந்த மாதக் கூட்டத்திலேயே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள் வரும்வரை வேறு எந்த மேம்பாட்டையும் தொடங்க வேண்டாம்.