பச்சை மேசையும் நம் பிள்ளைகளும்



இம்மாதம் ஸ்னூக்கர் என்ற விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். ‘மௌலவிக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கொழும்பிலோ கண்டியிலோ ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறானா? அப்படியானால் இது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்தான்.

எங்கள் பூண்டுலோயாவில் ஒரு தாய். மகன் கொழும்பில் புடைவைக் கடையொன்றில் இருக்கிறான். இரவு கடை பூட்டியதும் கூட்டாளிமாருடன் ஸ்னூக்கர் மேசை உள்ள இடமொன்றுக்குப் போகிறானாம். தாய் போனில் ஏசியபோது, “உம்மா, இதை லேசாக நினைக்காதீங்க. உலகத் தரவரிசை இருக்கு, கோடிக் கணக்கில் பரிசு இருக்கு” என்றானாம். அந்தத் தாய் என் மனைவியிடம் சொல்லிக் கேட்டனுப்பினார்: இது என்ன விளையாட்டு? பிழைப்புக்கு ஆகுமா? மார்க்கத்துக்கு ஆகுமா? நியாயமான கேள்விகள். பிள்ளையை ஏசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், விஷயத்தை விளங்கிக்கொள்ள நினைத்த அந்தத் தாயை மெச்ச வேண்டும்.

முதலில் விளையாட்டு. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம் கொண்ட மேசை. மேலே பச்சைக் கம்பளித் துணி. ஓரங்களில் ஆறு குழிகள். சிவப்புப் பந்து 15, வேறு நிறங்களில் 6, வெள்ளைப் பந்து ஒன்று, ஆக 22. கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே தட்டலாம். அதைக் கொண்டு மற்றப் பந்துகளைக் குழியில் விழுத்த வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி, கறுப்புக்கு ஏழு. ஒரு சிவப்பு, பிறகு ஒரு நிறம், மறுபடி சிவப்பு என்று ஒழுங்கு தப்பாமல் ஆட வேண்டும். சிவப்பு ஒவ்வொன்றுக்கும் பின் கறுப்பையே விழுத்தி, கடைசியில் மற்ற நிறங்களையும் தீர்த்துவிட்டால் மொத்தம் 147. இங்கிலாந்தின் ரொனி ஓ’சலிவன் 1997இல் இதை 5 நிமிடம் 8 விநாடியில் செய்து முடித்தார். அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் கொதிக்கிற நேரம்தான்!

இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பிறந்த இடம் நம் பக்கத்தில்தான். 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் இராணுவ அதிகாரி, மழைக்காலத்தில் பொழுது போகாமல் இதைத் தொடங்கினார். (பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமராக வந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டது தமிழ்நாட்டின் ஊட்டியில், அங்குள்ள கிளப்பில், 1882 அளவில். ‘ஸ்னூக்கர்’ என்பது இராணுவக் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த அனுபவமில்லாத பையனைக் கேலியாக அழைக்கும் சொல். மேசையில் தடுமாறிய ஒருவரைப் பார்த்துச் சொன்னது, விளையாட்டுக்கே பெயராக நின்றுவிட்டது.

ஊட்டியைப் போலத்தான் நமது மலைநாடும். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப் முதலான துரைமார் கிளப்புகளில் பில்லியர்ட்ஸ் அறை இல்லாமல் இருக்காது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அந்த அறைக்குள் போனது மேசை துடைக்கவும் பானம் கொண்டுபோய்க் கொடுக்கவும்தான்.

அப்படிப்பட்ட விளையாட்டில்தான் இலங்கையின் முதலாவது உலக சம்பியன் தோன்றினார். அவர் ஒரு முஸ்லிம். எம். ஜே. எம். லாபிர். இந்தப் பெயரை உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்; பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. 1996இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கியது நம் எல்லோருக்கும் ஞாபகம். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1973இல், பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் லாபிர் முதலிடம் பெற்றார். பில்லியர்ட்ஸ் என்பது ஸ்னூக்கருக்கு மூத்த விளையாட்டு. மேசை ஒன்றே, பந்து மூன்றே மூன்று. அந்தப் போட்டியில் ஒரே மூச்சில், எதிராளிக்கு இடம் கொடாமல், 859 புள்ளிகளை அவர் எடுத்தது அந்நாளில் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. பிற்காலத்தில் மூன்று முறை அப்பட்டத்தை வென்ற இந்தியாவின் மைக்கல் பெரேரா போன்றவர்கள் களத்தில் இருந்த காலம் அது. உள்நாட்டிலும் பல முறை தேசிய சம்பியன்.

அமெச்சூர் என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். பணத்துக்காக அல்லாமல் ஆடுபவர் என்பது பொருள். உலகத்தையே வென்று வந்தவருக்கு அந்த வெற்றி ஒரு பிழைப்பைத் தரவில்லை. லாபிர் 1981இல் காலமானார். அந்தக் கொழும்புப் பையன் சொல்லும் கோடிகள் அவர் காலத்தில் இந்த மேசையில் இருக்கவில்லை.

இப்போது இருக்கின்றனவா? இருக்கின்றன. ஆனால் யாருக்கு என்பதுதான் கேள்வி.

தொழில்முறை ஸ்னூக்கருக்கு ஒரு பருவம் உண்டு. ஜூன், ஜூலையில் தொடங்கி மே மாத ஆரம்பம் வரை, ஏறத்தாழப் பதினொரு மாதம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, ஜெர்மனி, சீனா என்று ஊர் ஊராகச் சுற்றுப்போட்டிகள். 2024இல் சவூதி அரேபியாவின் ஜித்தாவிலும் பெரிய போட்டியொன்று நடந்தது. பருவத்தின் முடிவில் ஷெபீல்ட் நகரத்தின் குரூசிபிள் அரங்கில் உலக சம்பியன் போட்டி. 1977 முதல் அங்கேதான். ஆயிரம் பேர்கூட அமர முடியாத சிறிய அரங்கு. 17 நாள் நடக்கும். வெல்பவருக்கு 5 இலட்சம் பவுண். நமது பணத்தில் சுமார் 20 கோடி ரூபா.

தரவரிசை எப்படி வருகிறது? முன்பு புள்ளி போட்டார்கள். 2014 முதல் வென்ற பரிசுப் பணமே புள்ளி. இரண்டு ஆண்டில் சேர்த்த தொகையைக் கூட்டி, அதன்படி வரிசைப்படுத்துகிறார்கள். தோட்டத்துச் சகோதரிகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தராசில் உள்ள கொழுந்தில் இரண்டு வருடத்துக்கு முந்தியதை ஒவ்வொரு தடவையும் கீழே கொட்டிவிட்டு மிச்சத்தைத்தான் நிறுப்பார்கள். முன்பு பெரிய பட்டம் வென்றவரும், அந்தப் பணம் கணக்கிலிருந்து கழிகிற நாளில் சடாரென்று கீழே இறங்கிவிடுவார்.

முதல் 16 பேருக்கு எல்லா வசதியும் உண்டு. உலகப் போட்டிக்கு நேரடி நுழைவு. ஜனவரியில் லண்டனில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி இவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில் முட்டி மோத வேண்டும். மொத்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களோ உலகம் முழுவதிலும் சுமார் 128 பேர்தான். பருவ முடிவில் முதல் 64க்குள் இல்லாதவர்களின் இடம் ஆட்டம் காணும். புதிதாய் வருபவருக்கு இரண்டு ஆண்டு அவகாசம்; அதற்குள் ஏறாவிட்டால் வெளியே. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. போட்டிக்குப் போட்டி முதற் சுற்றிலேயே தோற்பவர் வெறுங்கையுடன் திரும்பிய காலமும் உண்டு. இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் 2022இல் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 20,000 பவுண் கிடைக்கும்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ரூபாவுக்கு மாற்றினால் பெரிய தொகை போலத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வாடகை கொடுத்து, சீனாவுக்கும் போய் வருவதை நினைத்துப் பாருங்கள்.

பங்கஜ் அத்வானியின் கதையைப் பாருங்கள். 1990 வளைகுடா நெருக்கடியின்போது குவைத்தை விட்டு வந்து பெங்களூரில் குடியேறிய குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் சேர்த்து 2024 வரை 28 உலகப் பட்டங்கள் வென்றவர். அப்படிப்பட்டவரே 2012இல் தொழில்முறைக்குப் போய், 2014இல் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து ஊர் திரும்பினார். பாகிஸ்தானின் முஹம்மத் யூசுப் 1994இல் ஜொஹனஸ்பேர்க்கில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் சம்பியனானார். அவருக்குப் பின் முஹம்மத் ஆசிப் 2012, 2019, 2024 என்று மூன்று முறை வென்றார். 16 வயதுப் பையன் அஹ்சன் ரம்ழானும் 2022இல் வென்றான். திறமைக்குக் குறைவில்லை. ஆயினும் தொழில்முறைத் தரவரிசையின் உச்சியில் இவர்கள் யாரும் இல்லை. ஆகவே ‘பிழைப்புக்கு ஆகுமா?’ என்ற கேள்விக்கு என் பதில்: பகலில் கடை வேலையை விடாதவரைக்கும் ஆடட்டும், வேலையை விட்டுவிட்டு ஆடப் போகிறேன் என்றால் சம்மதிக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் பாரமானது. அதற்கு முன் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்னூக்கரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடும்போது சட்டையின் கை ஒரு பந்தில் பட்டுவிட்டால் தவறு. நடுவர் காணாவிட்டாலும் ஆட்டக்காரர் தாமே எழுந்து நின்று, ‘பட்டுவிட்டது’ என்று சொல்லித் தன் முறையை விட்டுக்கொடுப்பார். கோடிக் கணக்கான பணம் உள்ள ஆட்டத்தில்கூட இப்படி நடப்பதைப் பார்க்கலாம். நாங்கள் மத்ரஸாவில் அமானிதம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு இந்த ஒரு காட்சியைக் காட்டினாலும் விளங்கும்.

அதே விளையாட்டில்தான் 2023 ஜூனில் பத்துச் சீன ஆட்டக்காரர்கள் ஆட்ட நிர்ணயம், பந்தயம் தொடர்பான குற்றங்களுக்காகத் தடை செய்யப்பட்டார்கள். லியாங் வென்போ, லீ ஹாங் ஆகிய இருவருக்கும் ஆயுட்காலத் தடை. பெரும்பாலானோர் பெற்றோரை விட்டுத் தூர தேசத்தில் வாழ்ந்த இளைஞர்கள். வயதில் மூத்த கூட்டாளி ஒருவர் சொன்னால், மறுக்கத் தைரியம் வராத பருவம். ஷாவோ ஷின்டொங் என்பவர் தாம் எந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் இன்னொருவரின் மோசடியில் உடந்தையாக இருந்தார், பந்தயமும் கட்டினார். 20 மாதத் தடை. 2024இல் தடை நீங்கி, தரவரிசையில் இடமே இல்லாதவராக, கீழிருந்து தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வந்து, 2025 மே மாதம் குரூசிபிளில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று ஆசியாவின் முதல் உலக சம்பியனானார். தவறியவனுக்குத் திரும்பி வர வழி வைத்தது நல்லதுதான். ஆனால் அந்த 20 மாதம் அவர் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஒரு தாய்தான் சொல்ல முடியும்.

பந்தயம் இந்த விளையாட்டின் ஓரத்தில் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. உலகப் போட்டிக்கு 1976 முதல் 2005 வரை பணம் கொடுத்தது ஒரு சிகரட் கம்பனி. அது போனபின் பல ஆண்டுகள் பந்தயக் கம்பனிகள்.

அது தூரத்து விஷயம். நம் பையன்கள் ஆடும் மேசையில் என்ன நடக்கிறது? நம் நாட்டிலும் இந்தியாவிலும் இம்மாதிரி இடங்களில் ‘தோற்றவன் மேசை வாடகை கட்ட வேண்டும்’ என்பது சாதாரண வழக்கம். பையன்கள் இதைச் சூது என்று நினைப்பதே இல்லை. “பணம் வைத்து ஆடவில்லையே மௌலவி, வாடகைதானே” என்பார்கள். இருவரும் தர வேண்டிய செலவை, ஆட்டத்தின் முடிவை வைத்து ஒருவன் தலையில் கட்டுவதும் பணம் வைத்து ஆடுவதும் ஒன்றுதான். வென்றவன் இலவசமாக ஆடினான், தோற்றவன் இரட்டிப்பாகக் கொடுத்தான். சூரா அல்மாயிதாவில் மதுவோடு சேர்த்து விலக்கப்பட்ட வாசலின் முதற்படி இதுதான். வெளியிலுள்ளவர் கொடுக்கும் பரிசைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, இதில் இல்லை. இதற்குத் தீர்வு மிக லேசானது. ஆடத் தொடங்கு முன்பே வாடகையைச் சரிபாதியாகக் கட்டிவிட வேண்டும். அந்தத் தாயிடமும் இதைத்தான் சொல்லியனுப்பினேன். ‘ஆடாதே’ என்று சொன்னால் மகன் பொய் சொல்லப் பழகுவான். ‘பாதிக் காசை முன்கூட்டியே கட்டிவிட்டாயா? இஷாவைத் தொழுதுவிட்டுப் போனாயா? எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்பினாய்?’ என்று கேளுங்கள். பாதிக் காசு கட்டச் சம்மதிக்காத கூட்டாளி யார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி நமது பெண்பிள்ளைகள். சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் டோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியின் இறுதியில் ஹொங்கொங்கின் நக் ஒன் யீயை 3-2 என்று வென்றார். அதே சென்னையில் காசிமா என்ற முஸ்லிம் மாணவி. வாப்பா ஆட்டோ ஓட்டுபவர். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த கெரம் உலகக் கிண்ணத்தில் தனியாட்டம், இரட்டையர், குழு மூன்றிலும் தங்கம் வென்று வந்தபோது அவருக்கு 17 வயது. தமிழ்நாட்டு அரசு ஒரு கோடி ரூபா கொடுத்தது.

ஸ்னூக்கர் மேசையை நம் வீட்டுக்குள் வைக்க முடியாது; வீட்டை விடப் பெரிய மேசை அது. கெரம் பலகைக்கு ஒரு ஸ்டூல் இடம் போதும். எங்கள் கடைவீதியில் கெரம் பலகைகள் கடைகளின் பின்கட்டில்தான் இருக்கின்றன, பெண்பிள்ளைகள் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில். மழை பெய்து மூடுபனி இறங்கிவிட்டால் பூண்டுலோயாவில் பிள்ளைகளுக்கு வெளியே வேலையில்லை; நாலு மணிக்கே போனைத் தூக்கிக்கொள்கிறார்கள். வருகிற பாடசாலை விடுமுறைக்கு ஒரு பலகையும் கொஞ்சம் போரிக் பவுடரும் வாங்கி, அசருக்குப் பின் மண்டபத்தில் போட்டுப் பாருங்கள். நானாவும் தங்கையும் ஆடட்டும். யார் முதல், யார் இரண்டாவது என்று கலண்டரின் பின்பக்கத்தில் அவர்களே ஒரு தரவரிசை எழுதிக்கொள்வார்கள்.