விளம்பரமும் முறையீடும்

தான் உண்டாக்கிய சரக்கின் குணத்தை நாலு பேர் அறியச் சொல்வதில் குற்றமேதுமில்லை. நமது சங்கங்களும் பண்டிகைக் காலத் தள்ளுபடியைப் பத்திரிகைகளில் அறிவித்தே வருகின்றன. ஆகவே விளம்பரம் என்பதே தீது என்று நாம் கூற வரவில்லை. அதில் சொல்லப்படுவது மெய்யா என்பதே நமது கேள்வி.

பொய் விளம்பரத்தால் ஏமாறுபவர் வாங்குவோர் மட்டுமல்லர். மெய்யான சரக்கை உண்டாக்கியவரும் நஷ்டமடைகிறார். விசைத்தறியில் ஓடிய சேலை 'கைத்தறி' என்னும் பெயரால் பாதி விலைக்கு விளம்பரமாகும்போது, கோர்வை போட்டுப் பல நாள் பாடுபட்டு நெய்த சேலை சங்கத்து அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. எல்லாப் பூச்சியையும் ஒரே தெளிப்பில் ஒழிக்கும் என்ற சொல்லை நம்பி மருந்து வாங்கிய விவசாயிக்கோ, உண்மை விளங்கும்போது பருவம் கடந்துவிடுகிறது. எனவே இது நகரத்தாருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நமது அங்கத்தினர்கள் ஒதுங்கியிருப்பது சரியன்று.

முறையிட இடமில்லாமல் இல்லை. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் என்னும் அமைப்பு 1985-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. விளம்பரம் செய்வோரும், அதைத் தயாரிப்போரும், வெளியிடுவோரும் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டு நிறுவியது இது. விளம்பரம் உண்மையாக இருத்தல், பொதுமக்கள் மனத்தைப் புண்படுத்தாதிருத்தல், தீங்கு தரும் செயல்களைத் தூண்டாதிருத்தல், போட்டியில் நேர்மை ஆகிய நான்கும் அவ்விதிகளின் சாரம். முறையீடு வந்ததும் விளம்பரதாரரிடம் விளக்கமும் ஆதாரமும் கேட்கப்படும். தொழில்துறையினரும் வெளியாரும் கலந்த குழு அவற்றைப் பரிசீலித்து, விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ சொல்லும்.

பொய் என்று வரும் முறையீட்டைத் தீர்ப்பது எளிது. சொன்னதற்கு ஆதாரம் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும். மனத்தைப் புண்படுத்துகிறது என்று வரும் முறையீடு அப்படியன்று. ஒருவருக்கு அருவருப்பாகத் தோன்றுவது மற்றொருவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆதலால் நாட்டில் பொதுவாக நிலவும் கண்ணியத்தை அளவுகோலாகக் கொள்கிறார்கள். 2022 ஜூன் மாதத்தில், பெண்கள் மீதான வன்முறையை விளையாட்டாக்கிய ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தை, விசாரணை முடியும் வரை காத்திராமல் உடனே நிறுத்தும்படி கவுன்சில் கூறியது. மத்திய அரசாங்கமும் அதனை அகற்ற உத்தரவிட்டது. மனமிருந்தால் விரைவும் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

எனினும், தொழில்துறை தானாக ஏற்படுத்திக்கொண்ட கவுன்சிலுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. அக்குறையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு நீக்கியிருக்கிறது. அச்சட்டப்படி 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய் விளம்பரத்தை நிறுத்த ஆணையிடலாம். முதல் குற்றத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆராயாமல் புகழ்ந்து பேசும் நட்சத்திரங்களையும் சட்டம் விடவில்லை. உலகெங்கும் பல் மருத்துவர்கள் சிபாரிசு செய்வதாகக் கூறிய ஒரு பற்பசைக் கம்பெனி, ஆதாரமாக இந்திய மருத்துவர்களிடம் எடுத்த கணக்கையே காட்டிற்று. ஆணையம் 2022-இல் அதற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. சொன்னவனே ருசுப்படுத்த வேண்டும் என்னும் நியாயம் இங்கே நிலைநாட்டப்பட்டது.

இவ்வளவு இருந்தும் நமக்குத் திருப்தி ஏற்படவில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வந்த விளம்பரத்தின் மீது பொங்கலுக்குத் தீர்ப்பு வந்து என்ன பயன்? சேலை விற்றுப்போயிற்று; லாபமும் கை மாறிற்று. பருவத்தோடு கட்டுண்ட சரக்குகளின் மீது வரும் முறையீடுகளை, அந்தப் பருவம் முடியுமுன் தீர்க்க வேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை. அடுத்து, பொய்யை முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் சொன்னவர், திருத்தத்தையும் அதே இடத்தில், அதே அளவில் வெளியிட வேண்டும். திருத்த விளம்பரத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. அதனைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

அதிகாரிகளைக் குறை கூறுவதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. முறையீட்டை நம்பி நடக்கும் ஏற்பாட்டில், வாய் திறவாதவனுக்கு நீதி தானே தேடி வருவது அரிது. பிரிட்டனில் 1962 முதல் இயங்கிவரும் விளம்பரத் தர அமைப்பு, ஒரே ஒரு முறையீடு வந்தாலும் அதில் நியாயமிருந்தால் விசாரிக்கிறது. நம் நாட்டிலும் தலை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. டில்லிக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியதுமில்லை. பொதுவாக நுகர்வோரைப் பாதிக்கும் விளம்பரத்தைப் பற்றி மாவட்டக் கலெக்டரிடமே எழுத்து மூலம் முறையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஓர் அங்கத்தினரை இவ்வேலைக்கு நியமிக்கலாம். சந்தேகத்துக்குரிய விளம்பரத்தைத் தேதியோடு வெட்டி வைக்க வேண்டும். தொலைக்காட்சியானால் நாளும் நேரமும் குறிக்க வேண்டும். வாங்கிய ரசீதையும் சரக்கையும் பத்திரப்படுத்த வேண்டும். கைத்தறி முத்திரையோ பட்டு முத்திரையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரம் சொல்வது எது, அது ஏன் பொய் என்பதை நாலு வரியில் எழுதினால் போதும்; வசை வேண்டாம். பெரிய எழுத்தில் தமிழில் ஆசை காட்டிவிட்டு, நிபந்தனையை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போடுவதும் முறையிடத் தக்கதே. வாக்கு எந்த மொழியிலோ நிபந்தனையும் அந்த மொழியிலேயே இருக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி.

கடைசியாக ஒன்று. பிறர் பொய்யைச் சுட்டும் கை சுத்தமாயிருக்க வேண்டும். கலப்பு நூல் கலந்த துணியைச் சுத்தப் பருத்தி என்றும், விலையை ஏற்றி வைத்துத் தள்ளுபடி என்றும் நமது சங்கம் எதுவும் சொல்லலாகாது. கூட்டுறவுக்கு உள்ள பெரிய மூலதனம் அதன் பெயர். அதைக் காப்பதும் இழப்பதும் நம் கையிலேயே இருக்கிறது.